பழைய லேசர் படகு வாங்கினால்: கட்டுவதும் காப்பதும்

கேள்வி: சென்னையில் பழைய லேசர் பாய்மரப் படகு ஒன்று விலைக்கு வருகிறது. எனக்குப் பாய்மரம் ஓட்டிப் பழக்கமில்லை. வாங்கலாமா? பாய் கட்டுவதையும் பராமரிப்பதையும் நானே கற்றுக்கொள்ள முடியுமா?

தாராளமாக முடியும். கற்றுக்கொள்வதற்கு இதைவிடப் பொருத்தமான படகு கிடைப்பது அரிது. ஓர் ஆள், ஒரு பாய், மிகக் குறைந்த கயிறுகள். புரூஸ் கர்பி வடிவமைத்து 1970-களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்த இந்தப் படகு, 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. 2019 முதல் இதன் வகைப் பெயர் ஐ.எல்.சி.ஏ.; ஆனால் படகுக்காரர்கள் வாயில் இன்னும் லேசர்தான். இந்தியாவின் நேத்ரா குமணனும் விஷ்ணு சரவணனும் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் ஓட்டியது இதே உடலுள்ள படகைத்தான்.

படகின் உடல் ஒன்றே. பாயும் பாய்மரத்தின் கீழ்த்துண்டும் மட்டும் மாறும். ஐ.எல்.சி.ஏ. 7 பாய் 7.06 சதுர மீட்டர், 6 என்பது 5.76, 4 என்பது 4.7. உங்கள் எடை 70 கிலோவுக்குக் கீழே இருந்தால் 6-ஆம் எண் பாயோடு தொடங்குங்கள். எடை அதற்கு மேலே இருந்தாலும், முதல் சில மாதங்களுக்குச் சின்னப் பாய் தவறே இல்லை. பெரிய பாயோடு போராடுகிறவர் காற்றைப் படிக்கக் கற்றுக்கொள்வதில்லை, கவிழாமல் இருக்க மட்டுமே கற்றுக்கொள்கிறார்.

லேசரைப் பற்றி முதலில் புரிய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இதன் பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கப் பக்கத்தில் கம்பிகள் கிடையாது. சுமார் 6 மீட்டர் உயரமுள்ள அலுமினியக் குழாய், டெக்கில் (படகின் மேல்தளத்தில்) உள்ள ஒரு குழிக்குள் சும்மா செருகி நிற்கிறது. பாயில் விழும் காற்றின் முழு நெம்புவிசையும் அந்தக் குழியின் விளிம்பிலும் அடியிலும்தான் இறங்குகிறது. பாய்மரம் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அடிப்பகுதி குழியின் தரையில் உரசுகிறது. அங்கே மணல் இருந்தால் அது உப்புத்தாள் வேலையைச் செய்யும். ஃபைபர் தேய்ந்து, கடைசியில் அடி ஓட்டையாகும். கடல்நீர் படகின் உள்ளே போகும். பழைய லேசர்கள் கழிக்கப்படுவதற்கு முக்கியமான காரணம் இதுதான். ஆகவே வாங்குவதும் கட்டுவதும் கழுவுவதும் எல்லாமே அந்தக் குழியிலிருந்து தொடங்க வேண்டும்.

வாங்கும்போது குழியைத் துடைத்துவிட்டு, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து அரை மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கினால் குழி கசிகிறது. கசிவு இருந்தாலே வேண்டாம் என்று சொல்லமாட்டேன், பழுது பார்க்கலாம். ஆனால் விலை பாதியாக வேண்டும். அடுத்து எடை. காலி உடல் 59 கிலோ இருக்க வேண்டும். 65-ஐத் தாண்டினால் உள்ளே தண்ணீர் ஊறியிருக்கிறது என்றே கொள்ளுங்கள். பின்பக்க வடிகால் தக்கையைக் கழற்றி, முன்பக்கத்தை உயர்த்திப் பாருங்கள். வடிகிற நீர் கடல்நீரா, மழைநீரா என்று நாக்கில் தொட்டாலே தெரியும். பிறகு வெறுங்காலோடு டெக்கின்மேல் மெதுவாக நடங்கள். கால் வைக்கும் பள்ளமான காக்பிட்டின் இரு ஓரங்களிலும், குழியைச் சுற்றியும் தரை அமுங்கினால், ஃபைபர் தோலும் உள்ளே இருக்கும் நுரைப்பலகையும் பிரிந்துவிட்டன என்று பொருள். அது செலவு பிடிக்கும் வேலை.

கசிவு எங்கே என்று தேட சோப்பு நுரைச் சோதனை செய்யலாம். டெக்கும் அடியும் ஒட்டும் விளிம்பு, அடிப்பலகைப் பெட்டி (படகு பக்கவாட்டில் நழுவாமலிருக்க நீருக்குள் இறக்கும் பலகையைச் செருகும் இடம்), சுக்கான் கீல்கள் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவி, வடிகால் துளை வழியே ஒரு சின்னக் குழாய் வைத்து வாயால் ஊதினால் போதும். டயர் கடைக் கம்ப்ரஸரை ஒருபோதும் வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் ஒட்டு பிளந்து, இல்லாத கசிவு புதிதாக உண்டாகும்.

பாய்மரத் துண்டுகளைச் சமதரையில் உருட்டிப் பாருங்கள், வளைந்திருந்தால் துள்ளும். மேல்துண்டு லேசாக வளைந்திருப்பது சாதாரணம். ஆனால் அதன் கழுத்து ரிவெட்டைச் சுற்றி மயிரிழை விரிசல் இருந்தால் அது கூடிய சீக்கிரம் ஒடியும். பாய் பழசாக இருந்தால் கவலை வேண்டாம். பயிற்சிக்குத் தொளதொளத்த பாயே போதும், பந்தயத்துக்குத்தான் புதிது வேண்டும்.

படகு கட்டத் தொடங்குமுன் வீட்டிலேயே மூன்று முடிச்சுகளைக் கண்ணை மூடிக்கொண்டு போடும் அளவுக்குப் பழகுங்கள்: அவிழாத கண்ணி தரும் போலைன், கயிற்று முனை கப்பி வழியே ஓடிவிடாமல் நிறுத்தும் எட்டு முடிச்சு, ஒரு சுற்றும் இரண்டு அரைமுடிச்சும். 6 மி.மீ. கயிறு இரண்டு மீட்டர் இருந்தால் பழகலாம்.

இனி கரையில் கட்டும் வரிசை. டிராலியில் உள்ள படகின் முன்முனை காற்றைப் பார்த்து நிற்க வேண்டும். இதில் தவறினால் பாய் காற்றை வாங்கி, டிராலியோடு படகையே உருட்டிவிடும். வடிகால் தக்கையை மூடுங்கள். ஈரத்துணி சுற்றிய குச்சியால் குழியின் அடியைத் துடைத்து, விரலை விட்டு மணல் இல்லை என்று பாருங்கள். பாய்மரத்தின் அடிமுனையையும் துடையுங்கள். மணலில் ஊன்றி வைத்த பாய்மரம்தான் மணலைக் கொண்டுபோகிறது.

மேல்துண்டைக் கீழ்த்துண்டுக்குள் செருகுங்கள். ஆட்டம் இருந்தால் மெல்லிய பிளாஸ்டிக் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றினால் பிடிக்கும். பாயைத் தரை விரிப்பிலோ புல்லிலோ விரித்து, பாயை விறைப்பாக வைக்கும் பட்டைக் குச்சிகளை அந்தந்தப் பையில் தள்ளி, பையின் மடிப்புக்குள் முனை நன்றாகச் சிக்கியதா என்று அழுத்திப் பாருங்கள். அரைகுறையாகச் செருகிய குச்சி நடுக்கடலில் நழுவிப் போகும். பிறகு பாயின் முன்விளிம்பில் உள்ள உறைக்குள் பாய்மரத்தை நுழைத்துவிடுங்கள்.

தூக்குமுன் அண்ணாந்து பாருங்கள். மேலே மின்கம்பி இருக்கக்கூடாது. படகு போகும் வழியிலும் இருக்கக்கூடாது. அலுமினியப் பாய்மரம் மின்கம்பியில் பட்டால் தப்பிக்க வழியில்லை. ஆளில்லா இடத்தில் ஒருவராகத் தூக்குவதைத் தொடக்கத்தில் தவிருங்கள். பாய்மரத்தைச் செங்குத்தாக நிறுத்தியபின், குழிக்கு நேர் மேலே கொண்டுவந்து, நேராக இறக்குங்கள். சாய்த்து இறக்கினால் குழியின் விளிம்பு உடையும். இறங்கியதும், பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கன்னிங்ஹாம் கயிற்றாலோ தனிக்கயிற்றாலோ பாய்மரத்தை டெக்கோடு பிணைத்துவிடுங்கள். இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. படகு முழுக்கக் குப்புறக் கவிழும்போது பாய்மரம் தன் எடையாலேயே குழியிலிருந்து நழுவும். பாதி வெளியே வந்த நிலையில் படகு நிமிர்ந்தால் டெக்கைக் கிழித்துவிடும்.

அடுத்து பூம், அதாவது பாயின் அடிப்பக்கத்தில் கிடையாக நிற்கும் குழாய். முன்முனையைப் பாய்மரத்தின் ஊசியில் மாட்டி, பாயின் பின்மூலையைப் பூமோடு ஒட்டிக் கட்டுங்கள். இந்தக் கட்டு கீழ்நோக்கி இறுக்கமாகவும், முன்னும் பின்னும் சறுக்கும்படியும் இருக்க வேண்டும். 4 மி.மீ. டைனீமாக் கயிறு மூன்று சுற்று போதும். அதற்குப் பிறகு பின்மூலையைப் பின்னோக்கி இழுக்கும் அவுட்ஹால், பூமைக் கீழே இழுக்கும் வேங். வேங் கயிற்றைக் கரையில் தளர்வாகவே விடுங்கள். இறுக்கி வைத்தால் பாய் காற்றைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் இறக்குமுன்பே படகு ஓடத் தொடங்கும்.

பின்பக்கத்தில் முக்கோணமாக ஓடும் டிராவலர் கயிற்றை நாணைப் போல விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். சுக்கான் கைப்பிடியான டில்லர் இந்தக் கயிற்றுக்குக் கீழே போக வேண்டும், அதன் நீட்டிப்பு மேலே வர வேண்டும். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

பாயை இழுக்கவும் விடவும் கையில் பிடிக்கும் கயிறான மெயின்ஷீட் 6 அல்லது 7 மி.மீ. தடிமனில் சுமார் 13 மீட்டர் வேண்டும். ஒரு முனையைப் பூமின் கடைக்கோடியில் உள்ள கப்பியின் வளையத்தில் கட்டி, கீழே டிராவலர் கப்பி வழியாக, மீண்டும் மேலே பூம் கடைக்கோடிக் கப்பிக்கு ஏற்றி, பூமின் அடியில் முன்னோக்கிக் கொண்டுவந்து நடுக்கப்பி வழியே இறக்கி, காக்பிட் தரையில் உள்ள ராட்செட் கப்பிக்கு (ஒரு பக்கம் மட்டும் சுழலும் கப்பி) கொண்டு வாருங்கள். இழுக்கும்போது அந்தக் கப்பி டிக் டிக் என்று சத்தமிட வேண்டும். சத்தம் இல்லையென்றால் முதலில் அதன் பொத்தானைப் பாருங்கள். அது சரியாக இருந்தும் சத்தமில்லையேல் கயிறு தலைகீழாக நுழைந்திருக்கிறது. மறுமுனையில் எட்டு முடிச்சு.

சுக்கானையும் அடிப்பலகையையும் தண்ணீரில் இறங்கியபின் மாட்டினால் போதும். சுக்கானைக் கீல்களில் இறக்கும்போது தடுப்புக் கிளிப் டிக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் முதல் கவிழ்ப்பிலேயே சுக்கான் கடலுக்குள். அடிப்பலகைக்கு முன்முனையிலிருந்து ரப்பர் கயிறு கட்டாயம். படகு ஓடத் தொடங்கியதும் சுக்கான் அலகு முழுவதும் இறங்கிப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பாதி இறங்கிய அலகு டில்லரை இரும்பாகக் கனக்கச் செய்யும். படகில் ஏதோ கோளாறு என்று நினைத்துத் திண்டாடுகிறவர்களின் பிரச்சினை பெரும்பாலும் இவ்வளவுதான்.

பாயைச் சரிசெய்யும் கணக்கு ஆரம்பத்தில் எளிது. நடுத்தரக் காற்றில் பூமுக்கும் பாயின் அடிவிளிம்புக்கும் நடுவே, மையத்தில், ஒரு சாண் இடைவெளி. காற்று கூடக்கூட அவுட்ஹாலை இழுத்து அதைக் குறையுங்கள். வேங்குக்கு ஒரு நல்ல வழி: பூம் கடைக்கோடிக் கப்பியும் டிராவலர் கப்பியும் முட்டும்வரை மெயின்ஷீட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வேங்கில் கிடக்கும் தொய்வை மட்டும் எடுங்கள். கன்னிங்ஹாம் பலமான காற்றுக்கு. மற்ற நேரம் தளர்வாக இருக்கட்டும், பாயின் முன்விளிம்பில் தெரியும் சுருக்கங்களுக்குப் பயப்பட வேண்டாம்.

ஓட்டக் கற்பதை மட்டும் தனியாகச் செய்யாதீர்கள். துறைமுகத்துக்குள், ஸ்பிரிங்ஹேவன் வார்ஃபில் 1911 முதல் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் உண்டு. பயிற்சியாளரும் மீட்புப் படகும் உள்ள இடத்தில் தொடங்குங்கள். மெரினா மணலிலிருந்து நேராக அலைக்குள் இறக்குவதைப் புதியவர் நினைத்தும் பார்க்கக்கூடாது. கரையில் உடையும் அலை படகைக் குறுக்கே திருப்பிப் பாய்மரத்தை மணலில் குத்திவிடும். கோடையில் கடற்காற்று மதியத்துக்குமேல் பலக்கும். ஆகவே தொடக்கத்தில் 10 நாட் (knot, மணிக்குச் சுமார் 18 கி.மீ.) வேகத்துக்கு மேற்படாத காற்றாகப் பார்த்து இறங்குங்கள். மிதவைச் சட்டை இல்லாமல் கால் நனைக்கக்கூடாது. கவிழ்ந்தால் படகை விட்டு நீந்தாதீர்கள். மெயின்ஷீட்டையும் வேங் கயிற்றையும் தளர்த்தி, அடிப்பலகையின்மேல் ஏறி நின்று பின்னால் சாயுங்கள், எழுந்துவிடும். இதைக் காற்றில்லாத நாளில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகுவது முதல் வாரப் பாடமாக இருக்கட்டும். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. நீர்புகாப் பையில் கைப்பேசி இருக்கட்டும்.

கரைக்கு வந்தபின் செய்யும் அரை மணி நேர வேலைதான் படகின் ஆயுள். நல்ல தண்ணீர் இரண்டு மூன்று வாளி போதும். ஆனால் எங்கே ஊற்றுகிறோம் என்பது முக்கியம். டெக்கைப் பளபளவென்று கழுவிவிட்டுக் கப்பிகளை மறந்துவிடுவார்கள். உப்பு காய்ந்து படிகமாவது கப்பியின் உள்ளே, சுக்கான் கீலில், பாய்மரக் குழியில், பாய்மரத் துண்டுகள் சேரும் இடத்தில். அங்கெல்லாம் தாராளமாக ஊற்றி, கப்பியை விரலால் சுற்றிக்கொண்டே கழுவுங்கள். எண்ணெயோ கிரீஸோ போடாதீர்கள். மணல் ஒட்டி அரைத்துவிடும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசினாலே சுழலும்.

பாய்மரத்தை அன்றன்றைக்குக் கழற்றி இரு துண்டுகளையும் பிரித்துவிட வேண்டும். சேர்த்தபடி விட்டால் உப்பும் மணலும் இறுகி, பிரியவே மறுக்கும். அப்படி மாட்டிக்கொண்டால் சுத்தியலைத் தொடாதீர்கள். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, வெளியே இருக்கும் கீழ்த்துண்டின் மேல்முனையில் மட்டும் வெந்நீர் ஊற்றுங்கள். அது சற்று விரியும். ஆளுக்கொரு துண்டில் கயிற்றைச் சுற்றிப் பிடித்து, எதிரெதிராகத் திருகினால் பெரும்பாலும் விடும்.

பாயைக் காற்றில் படபடக்க விட்டுவிட்டு டீ குடிக்கப் போவது கெட்ட பழக்கம். துணியின் விறைப்புக்குக் காரணமான ரெசின் அந்தப் படபடப்பிலேயே உதிர்கிறது. அலசி, நிழலில் உலர்த்தி, மடிக்காமல் சுருட்டுங்கள், பட்டைக் குச்சிகளுக்கு இணையாக. ஈரத்தோடு சுருட்டினால் நம் ஊர் புழுக்கத்தில் ஒரே வாரத்தில் கரும்புள்ளி பிடிக்கும்.

கரையில் இருக்கும்வரை வடிகால் தக்கை திறந்தே இருக்கட்டும். வெயிலில் உள்காற்று விரிந்து ஒட்டுகளைத் தள்ளும். அதேபோல், சூடேறிய படகைத் தக்கையை மூடி உடனே தண்ணீரில் இறக்கினால், உள்காற்று குளிர்ந்து சுருங்கி, சின்னஞ்சிறு விரிசல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். வெளிப்பார்வைக்கு ஓட்டையே இல்லாத படகில் ஒவ்வொரு முறையும் ஒரு டம்ளர் தண்ணீர் சேர்வதற்கு இது காரணமாக இருக்கலாம். நிழலில் கொஞ்ச நேரம் வைத்து, டெக்கில் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்து, அதன்பின் தக்கையை மூடுங்கள். படகை வைக்கும்போது எடை பக்க விளிம்புகளில் தாங்க வேண்டும். அடிவயிறு கட்டையில் அழுந்தினால் வெயில் சூட்டில் குழி விழுந்து அப்படியே நின்றுவிடும்.

வெயில் உப்புக்கு எந்த விதத்திலும் குறைந்த எதிரி இல்லை. படகுக்கு முழு உறை. அடிப்பலகைக்கும் சுக்கானுக்கும் துணிப்பை, வீட்டு நிழலில் இடம். ரப்பர் கயிறுகள் இழுவை இழந்ததும் மாற்றிவிடுங்கள், அறுந்தபின் மாற்றுவதில் பயனில்லை. மெயின்ஷீட் எப்போதும் ராட்செட் கப்பியில் உரசும் பகுதியில்தான் நைந்துபோகும். பஞ்சு எழும்பத் தொடங்கும்போதே முனை மாற்றிப் போட்டால் இன்னொரு பருவம் வரும்.

மாதம் ஒருமுறை ரிவெட்டுகளைப் பாருங்கள். அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும். வெள்ளை மாவு பூத்திருப்பது அடையாளம். பூமில் நடுக்கப்பி தொங்கும் இடம், வேங் மாட்டும் இடம், பூம் ஊசி ஆகிய மூன்றும் அதிகச் சுமை தாங்குபவை. ஆடும் ரிவெட்டைத் துளையிட்டு எடுத்து, உலோகங்களுக்கு நடுவே துருத்தடுப்புப் பசை தடவிப் புதிது அடியுங்கள்.

டெக்கில் விழும் கீறல்களுக்குப் பாலியெஸ்டர் ஜெல்கோட் (ஃபைபரின் வழவழப்பான மேல்பூச்சு) போதும். கடினமாக்கும் திரவத்தைச் சென்னை வெயிலில் நூற்றுக்கு ஒரு பங்கோடு நிறுத்துங்கள். இரண்டைத் தாண்டினால் சூடேறி உடையும் தன்மை வந்துவிடும். அந்தத் திரவம் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். சாதாரண ஜெல்கோட் காற்றுப்பட்டால் மேற்பரப்பு பிசுபிசுத்தே நிற்கும். ஆகவே தடவியதும் பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடி, இறுகியபின் 400, 600, 1200 என்று நீர்த்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். ஃபைபர் வரை வெட்டுப்பட்டிருந்தால் எப்பாக்ஸியும் கண்ணாடித் துணியும் வேண்டும். எப்பாக்ஸிமேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது. அங்கே பெயின்ட் அடிப்பதே நல்லது.

குழி கசிந்தால் வெளியிலிருந்து பூசி மறைப்பது வீண். பாய்மரக் குழிக்குப் பின்னால் டெக்கில் 15 செ.மீ. விட்டத்துக்கு மேற்படாத சோதனை மூடி ஒன்றைப் பொருத்துங்கள். ஐ.எல்.சி.ஏ. பந்தய விதிகளும் அதை அனுமதிக்கின்றன. அதைத் திறந்து, சின்ன மின்விசிறியை உள்நோக்கி வைத்து, வாரக்கணக்கில் உலரவிடுங்கள். ஈரத்தின்மேல் வைத்த எப்பாக்ஸி பிரிந்துவரும். நன்றாக உலர்ந்ததும் குழியின் அடிப்பாகம் படகின் தரையோடு சேரும் இடத்தைச் சுரண்டி, 80-ஆம் எண் தாளால் கரடாக்கி, இழைத்தூள் கலந்த எப்பாக்ஸியைச் சுற்றிலும் வரப்புபோல் இட்டு, மேலே இரண்டு மூன்று அடுக்குக் கண்ணாடித் துணி ஒட்டுங்கள். குழியின் உள்தரையிலும் மெல்லிய தேய்மானத் தகடு ஒன்றை ஒட்டினால் அடுத்த முறை தகடுதான் தேயும். இறுகி ஒரு வாரம் கழித்து, பழையபடி தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் பாருங்கள்.

இந்த வேலைக்கு ஏற்ற காலம் மழைக்கு முந்தைய வெயில் மாதங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும். அந்த மாதங்களில் பாய்மரம் எப்போதும் கழற்றியே இருக்கட்டும். படகைக் குப்புறத் திருப்பி, இரண்டு பழைய டயர்களின்மேல் பக்க விளிம்பு தாங்கும்படி வைத்து, தரையில் அடித்த முளைகளோடு கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள்; தக்கையைத் திறந்து வைக்க மறக்காதீர்கள்.